பரம்பரையாக வந்த பட்டாளத்துத் துப்பாக்கிக்கு உதிரிபாகம்: தேடுவதா, செய்வதா, அப்படியே விடுவதா?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய ஓட்டு வீடுகளைப் பிரிக்கும்போது பரணிலிருந்து ஒரு துப்பாக்கி இறங்குவது அபூர்வமில்லை. மணியக்காரர் வீடாக இருக்கும், பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு வந்தவர் வீடாக இருக்கும், காட்டோரம் நிலம் வைத்திருந்தவர் வீடாக இருக்கும். இறங்கும் துப்பாக்கி முழுதாக இருப்பதில்லை. மரக்கட்டை வெடித்திருக்கும், விசையை இழுத்தால் பாய்ந்து தட்டும் குதிரை முறிந்திருக்கும், குழலைக் கட்டையோடு பிடிக்கும் பட்டைகளில் ஒன்று காணாமல் போயிருக்கும். பார்த்தவுடன் பேரப்பிள்ளைகளுக்குத் தோன்றுவது ஒன்றுதான்: இல்லாத பாகத்தை எங்கிருந்தாவது வாங்கிப் போட்டுப் பழையபடி ஆக்கிவிட வேண்டும்.

அதற்கு வழிகள் பல உண்டு. அசல் பழைய பாகத்தைத் தேடலாம். புதிதாகச் செய்து விற்கும் பாகத்தை வாங்கலாம். ஓசூர் லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கலாம். இன்னொரு பழைய துப்பாக்கியிலிருந்து கழற்றலாம். எதையும் சேர்க்காமல் இருப்பதைக் காப்பாற்றலாம். அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்கலாம். காசு, நேரம், கிடைக்குமா கிடைக்காதா என்பதை மட்டும் வைத்து இவற்றை எடை போட்டால் தப்பான முடிவுக்குத்தான் வருவோம். இந்தியாவில் ஒரு பழைய துப்பாக்கிக்குப் பாகம் சேரச் சேர, சட்டத்தின் கண்ணில் அது வேறு பொருளாக மாறிக்கொண்டே போகிறது. எந்த வழியைத் தேர்ந்தாலும் இதைத்தான் முதலில் மனதில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பழசு என்றால் உரிமம் வேண்டாமா?

அமெரிக்காக்காரர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பலர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். அங்கே 1898-இலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி என்றால் மத்திய சட்டப்படி அது பழம்பொருள். பாகங்களைத் தபாலில் வரவழைத்துச் சமையலறை மேசையிலேயே பூட்டுவார்கள். நம் ஊரில் அப்படி ஓர் ஆண்டுக் கோடு கிடையாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வயதைப் பார்ப்பதில்லை, சுடுமா என்று பார்க்கிறது. அதன் 45-ஆம் பிரிவு, வழக்கொழிந்த மாதிரி ஆயுதம், தொன்மை மதிப்புள்ள ஆயுதம், பழுதடைந்த ஆயுதம் ஆகியவற்றுக்கு விலக்குத் தருகிறது. ஆனால் ஒரு நிபந்தனையோடு: பழுதுபார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, அது துப்பாக்கியாகப் பயன்படக் கூடாது.

அந்த நிபந்தனையை இன்னொரு தடவை படியுங்கள். இப்போது சுடவில்லை என்பது மட்டும் போதாது. ஸ்பிரிங் ஒன்றை மாற்றினால் சுடும் என்ற நிலையில் இருக்கும் துப்பாக்கிக்கு விலக்கு இல்லை, உரிமம் வேண்டும். குழல் துருவேறி ஓட்டை விழுந்து, பூட்டே (குதிரையும் ஸ்பிரிங்கும் சேர்ந்த சுடும் அமைப்பு) இல்லாமல், எதைப் போட்டாலும் உயிர் வராது என்ற நிலையில் இருப்பதுதான் விலக்குக்குள் வரும். அப்படி விலக்குக்குள் இருந்த ஒன்றுக்கு நல்ல குழலும் வேலை செய்யும் பூட்டும் வாங்கிப் பொருத்தினால், பொருத்திய நாளிலிருந்து உங்கள் வீட்டில் இருப்பது உரிமமில்லாத துப்பாக்கி. 2019-இல் திருத்திய பிறகு, உரிமமில்லாமல் வைத்திருப்பதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு சிறை. தடை செய்யப்பட்ட ரகம் என்றால் 7 முதல் 14 ஆண்டு.

பாகங்கள் விஷயமும் இப்படியே. சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடக்கம். சில்லறைப் பாகங்களுக்கு 45-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாதவருக்குத்தான் அது பொருந்தும். நாம் வாங்குவதே பொருத்துவதற்காக என்னும்போது அந்த விலக்கை நம்பி எதையும் வாங்க முடியாது.

நூறு ஆண்டு தாண்டிய பொருளைத் தொல்பொருளாகக் கருதும் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சிலர் ஆதாரமாகக் காட்டுவார்கள். அது வேறு, இது வேறு. அந்தச் சட்டம் உங்கள் துப்பாக்கியை வெளிநாட்டுக்கு அனுப்பவிடாது. ஆயுத உரிமத்திலிருந்து விடுதலை கொடுக்காது.

ஆகவே பாகம் தேடும் முன் காகிதம் தேட வேண்டும். நம் மாவட்டங்களில் இதற்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்றுதான் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிந்தது. தாத்தா 1950-களில் உரிமம் எடுத்திருந்தால் அது 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி சேலம் கலெக்டர் கொடுத்ததாக இருக்கும். அப்பா புதுப்பித்தது தருமபுரியில் இருக்கும். இப்போது நீங்கள் போய் நிற்க வேண்டியது கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகம். ராயக்கோட்டைக்காரரும் ஊத்தங்கரைக்காரரும் மூன்று ஊர்ப் பதிவேடுகளையும் தேடச் சொல்லி மனுக் கொடுப்பது நல்லது. பழைய உரிமப் புத்தகம் ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடைத்துவிட்டால் அதற்கு விலையே இல்லை. துப்பாக்கியின் வகையும் எண்ணும் அதில் எழுதியிருக்கும்.

உரிமம் வைத்திருந்தவர் இறந்தபின் அந்தத் துப்பாக்கியை வாரிசு சும்மா வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த விதிகளில் அதிகம் பேருக்குத் தெரியாத சலுகை ஒன்று இருக்கிறது. உரிமக்காரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, 25 ஆண்டு அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசின் பெயருக்கு உரிமம் கேட்கலாம். வீட்டில் பெரியவர் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். அவர் போன பிறகு உடன்பிறந்தவர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் மனஸ்தாபமே வந்துவிடும்.

காட்டோர ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-இலும், காவிரி தெற்கு 2022-இலும் அறிவிக்கப்பட்டன. சரணாலயத்துக்குள்ளோ அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளோ குடியிருந்து ஆயுதம் வைத்திருப்பவர் வனத்துறையிடம் பெயரைப் பதிய வேண்டும் என்கிறது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு. அந்த எல்லைக்குள் புது உரிமம் தர வேண்டுமானால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் இசைவு வேண்டும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்துக் குடும்பங்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கையில் இருப்பது என்ன துப்பாக்கி?

எதையும் தொடும் முன் ஓர் எச்சரிக்கை. குழல் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிக்குள் யாரோ எப்போதோ கெட்டித்த மருந்தும் ரவையும் அப்படியே இருக்கலாம். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை தலைமுறை ஆனாலும் வீரியம் போவதில்லை. குழலுக்குள் கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பதோ, துருவை இளக்குவதற்காகச் சூடு காட்டுவதோ கூடவே கூடாது. குழலின் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி வைத்துவிட்டு, காவல் நிலையத்துக்கோ உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவருக்கோ தகவல் சொல்லுங்கள்.

நம் பக்கத்து வீடுகளில் கிடைக்கும் பட்டாளத்து வகைகள் பெரும்பாலும் மூன்று. முதலாவது 1853 மாதிரி என்ஃபீல்டும் அதன் உறவுகளும்: குழல் வாய்வழியே வெடிமருந்து போட்டு, நிப்பிள் என்ற சின்னக் குமிழ் மேல், தட்டினால் பொறி தரும் கேப்பு வைத்துச் சுடுவது. நீளம் 55 அங்குலம், குழல் மட்டும் 39 அங்குலம், குழலைப் பிடிக்க மூன்று பட்டைகள், பித்தளையில் அடித்தகடும் விசைக்காப்பும். இரண்டாவது அதே என்ஃபீல்டின் பின்பக்கத்தை வெட்டி, கீல் போட்ட இரும்புக் கட்டை வைத்துத் தோட்டா போடும்படி 1866 முதல் மாற்றிய ஸ்னைடரும், 1871-இல் அதற்கு அடுத்து வந்த மார்ட்டினி-ஹென்றியும். மூன்றாவது லீ-என்ஃபீல்டு, அதாவது எல்லோரும் சொல்லும் த்ரீ-நாட்-த்ரீ (.303 அங்குலக் குழல்).

மூன்றாவது வகையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. .303 தடை செய்யப்பட்ட ரகம். அதற்கு உரிமம் தரும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்குக் கிடையாது, மத்திய உள்துறைக்குத்தான். உரிமமில்லாத .303-க்கு எந்த ஊரிலிருந்தும் எந்தப் பாகமும் தேடாதீர்கள். வக்கீல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒப்படையுங்கள். ஆனால் பார்வைக்கு லீ-என்ஃபீல்டு மாதிரியே இருக்கும் எல்லாமும் .303 அல்ல. .303 பொதுமக்களுக்குக் கூடாது என்பதால்தான் .315 என்ற அளவு இந்தியாவில் பரவியது. மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலை செய்த .315 வேட்டைத் துப்பாக்கி அதே ஜாடைதான். அது சாதாரண உரிமத்துக்குள் வருவது, அதற்கு வேண்டியதை உரிமம் பெற்ற வியாபாரிகள் வழியாகவே கேட்கலாம். குழலில் என்ன அளவு பொறித்திருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் படித்துச் சொல்லும்வரை எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

முதல் வகை கையில் இருந்தால் பூட்டுத் தகட்டைப் பாருங்கள். கிரீடமும் அதன் கீழ் விக்டோரியா ராணியைக் குறிக்கும் வி.ஆர். என்ற எழுத்தும் இருக்கும். முன்பக்கம் ஆண்டும், அதோடு டவர் என்றோ என்ஃபீல்டு என்றோ ஒரு சொல்லும் இருக்கும். உதிரிபாகம் தேடுகிறவருக்கு அந்தச் சொல்தான் உயிர். என்ஃபீல்டு என்று இருந்தால், லண்டனுக்கு வடக்கே இருந்த அரசுத் தொழிற்சாலையில், அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த இயந்திரங்களில் 1850-களின் கடைசியிலிருந்து செய்தது. ஒன்றின் பாகம் இன்னொன்றில் அப்படியே உட்காரும். டவர் என்று இருந்தால் பெரும்பாலும் பர்மிங்காம், லண்டன் பட்டறைகளில் கைவேலையில் செய்து, அரசுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு ஸ்க்ரூவும் அந்த ஒரு துப்பாக்கிக்காகவே அராவி உட்கார்த்தியது. இன்னொரு டவர் துப்பாக்கியின் பட்டையைக் கொண்டுவந்தால் ஒரு நூல் பெரிதாகவோ சிறிதாகவோதான் இருக்கும்.

அடுத்தது இந்தியாவுக்கே உரியது. 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்கள் கையில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குச் சமமான ஆயுதம் இருக்கக் கூடாது என்று ஆங்கில அரசு முடிவு செய்தது. அதனால் என்ஃபீல்டு போலவே தோன்றினாலும் குழலுக்குள் குண்டைச் சுழலவிடும் வரிகள் இல்லாத, .656 அங்குல அளவு வழவழப்பான துப்பாக்கியை 1858 மாதிரி என்று செய்து கொடுத்தது. அதில் தூரத்துக்குத் தக்கபடி உயர்த்தும் ஏணிக் குறிகாட்டி கிடையாது, அசையாத சின்னக் கட்டை ஒன்றுதான். இதை அறியாதவர்கள் குறிகாட்டி உடைந்துவிட்டது என்று எண்ணி, எங்கெங்கோ ஏணிக் குறிகாட்டி தேடுகிறார்கள். இல்லாத ஒன்றைத் தேடிப் பொருத்தினால், அந்தத் துப்பாக்கி சொல்லும் சரித்திரத்தையே நாம் அழித்தவர்கள் ஆவோம். அந்தச் சின்னக் கட்டைதான் 1857-க்கு அடுத்த ஆண்டுகளின் பயத்துக்குச் சாட்சி. அதை இழக்க எனக்கு மனம் வராது.

அசலா, புதுசா, ஓசூர்ச் சரக்கா?

இப்போது வழிகளை ஒப்பிடலாம். உரிமம் கையில் இருக்கிறது, பாகம் வாங்கச் சட்டப்படி இடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே பேசுகிறேன். இல்லாதவர்களுக்கு அடுத்த பகுதிதான்.

அசல் பழைய பாகம் என்றால் உலகத்தில் இல்லாமல் இல்லை. 2003-இல் நேபாள அரசின் பழைய ஆயுதக் கிடங்கை, காத்மாண்டுவின் லகன் சிலேகானா அரண்மனையில் குவிந்து கிடந்ததை, அமெரிக்காவின் இன்டர்நேஷனல் மிலிட்டரி ஆன்டிக்ஸ், அட்லாண்டா கட்லரி என்ற இரு நிறுவனங்கள் சேர்ந்து வாங்கிப்போயின. பிரவுன் பெஸ் என்ற பழைய சக்கிமுக்கித் துப்பாக்கி முதல் மார்ட்டினி-ஹென்றி வரை அதில் இருந்தன. இன்று உலகச் சந்தையில் புழங்கும் அசல் பாகங்களில் கணிசமானவை அந்தக் குவியலிலிருந்து வந்தவை. நமக்குப் பக்கத்து நாட்டிலிருந்து போன சரக்கு, ஆனால் நாம் தபாலில் கேட்டு வாங்க முடியாது. ஆயுதமோ அதன் பாகமோ இறக்குமதி செய்ய ஆயுதச் சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி உரிமம் வேண்டும். பழைய இரும்பு, அலங்காரப் பொருள் என்று எழுதி அனுப்புகிறேன் என்று விற்பவர் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். சுங்கத்தில் மாட்டினால் பதில் சொல்ல வேண்டியவர் பெட்டியில் பெயர் எழுதியிருப்பவர்.

உள்நாட்டில் அசல் பாகம் என்றால் உரிமம் பெற்ற வியாபாரிகளின் பழைய சரக்குதான். ஓசூர்க்காரர்களுக்குச் சென்னையைவிடப் பெங்களூரு கிட்டத்தில் இருக்கிறது, ஆனால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அத்திப்பள்ளியைத் தாண்டும் முன் உரிமத்தில் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால் கர்நாடக எல்லைக்குள் அது உரிமமில்லாத ஆயுதம். துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு, படமும் அளவும் மட்டும் கொண்டுபோய்க் கேட்பது முதல் படிக்குப் போதும். டவர் வகைக்கு அசல் பாகமே கிடைத்தாலும் அராவி உட்கார்த்தும் வேலை மிச்சமிருக்கும். அராவ வேண்டியது வந்த பாகத்தை, வீட்டுத் துப்பாக்கியை அல்ல.

புதிதாகச் செய்த பாகம் அடுத்தது. இத்தாலியில் பெடர்சோலி போன்றவர்களும், ஒரு காலத்தில் பர்மிங்காமின் பார்க்கர்-ஹேல் நிறுவனமும் 1853 மாதிரியைத் திரும்பச் செய்திருக்கிறார்கள். பார்க்கர்-ஹேல் பழைய அரசு அளவுகளை ஒட்டிச் செய்தது என்பதால் என்ஃபீல்டு முத்திரை வகைக்கு ஓரளவு நெருங்கி வரும். இந்தியாவில் செய்து ஏற்றுமதியாகும் மஸ்கெட்டுகளும் (பழைய பாணி நீளத் துப்பாக்கிகள்) உண்டு. தூரத்திலிருந்து பார்க்க அழகாக இருக்கும், பக்கத்தில் வைத்தால் பூட்டுத் தகட்டின் வளைவிலும் எழுத்தின் ஆழத்திலும் வித்தியாசம் தெரிந்துவிடும். இவற்றுக்கும் அதே சட்டம்தான். என் பார்வையில், அசலா போலியா என்ற குழப்பம் வராதபடி உள்பக்கம் ஆண்டு பொறித்துப் பொருத்தினால் மட்டுமே இந்த வழி நேர்மையானது. பழசு மாதிரித் தோன்ற அமிலம் பூசிக் கறுப்பாக்குவதை நான் ஏற்கமாட்டேன். நாளைக்கு உங்கள் பேத்தி அதைப் பார்த்து எது கொள்ளுத்தாத்தா காலத்தது என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது.

இனி ஓசூர். சொந்தக்காரர் வீட்டில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பெரியப்பா கேட்டார்: "ஏங்கண்ணு, இத்தனை சுத்தணுமா? சிப்காட்டுல லேத்துக்காரங்க கிட்டக் குடுத்தா ஒரு பொழுதுல கடைஞ்சு குடுத்துருவாங்களே?" "குடுத்துருவாங்க பெரியப்பா. ஆனா கடைஞ்சு குடுத்தவரும் கேஸ்ல சேந்து நிப்பாரு," என்றேன். அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

விமானத்துக்கும் காருக்கும் பாகம் செய்கிற ஊர் அது. ஒரு பழைய ஸ்க்ரூவை மாதிரி வைத்துச் செய்வது அங்கே பெரிய வித்தையில்லை. தரத்தில் இத்தாலிச் சரக்கைக்கூட மிஞ்சலாம். பிரச்சினை திறமையில் இல்லை. ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கி செய்வதற்கும் பழுதுபார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். அது இல்லாத பட்டறையில், மகனைப் பாலிடெக்னிக் படிக்க வைத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதரிடம் இது என்ன பாகம் என்று சொல்லாமல் செய்து வாங்குவது அவருக்கு நாம் செய்யும் துரோகம். ஆகவே லேத்து வேலை வேண்டுமென்றால் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் தன் பொறுப்பில் செய்து தரட்டும். செலவு கூடும், மாதங்கள் ஆகும். இருக்கும் வழிகளில் வேலையும் சட்டமும் ஒத்துப்போவது இதுதான். உரிமம் உள்ளவர்களுக்கு என் ஓட்டு இதற்கே.

இன்னொரு பழைய துப்பாக்கியிலிருந்து கழற்றிப் போடுவது எல்லா வழியிலும் மோசமானது. பழைய பொருள் இரண்டில் ஒன்றைக் கொன்று ஒன்றுக்கு அரை உயிர் தருகிறோம். கழற்றிய துப்பாக்கி யாருடையது, அதற்கு உரிமம் இருந்ததா என்ற கேள்வியும் நம் தலையில் விழும். மலைக்கிராமங்களில் இன்னும் புழங்கும் நாட்டுத் துப்பாக்கிகளின் பூட்டை வாங்கிப் போடச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். பன்றிக்கும் மானுக்கும் குறி வைத்த கள்ளத்துப்பாக்கியின் பாகம் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்க வேண்டுமா என்று யோசியுங்கள். அப்படிப்பட்டவற்றைத் தாங்களாகவே ஒப்படைக்கச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் இந்த மாவட்டங்களில் அவ்வப்போது கேட்கின்றன. ஒப்படைப்பதுதான் அவற்றுக்கு நல்ல முடிவு.

எந்தப் பாகம் என்பதும் முடிவை மாற்றும். பட்டை, வார் மாட்டும் வளையம், அடித்தகட்டு ஸ்க்ரூ, மருந்து இடிக்கும் கம்பி ஆகியவை தோற்றத்தை நிறைவு செய்பவை. உரிமத்துக்குட்பட்டு இவற்றைச் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. குழல், நிப்பிள், பூட்டின் உள் ஸ்பிரிங், ஸ்னைடரின் கீல் கட்டை ஆகியவை சுடுவதற்கானவை. நூற்றைம்பது ஆண்டு இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கே இருக்கிறது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. உரிமம் இருந்தாலும் இவற்றைத் தேடாதீர்கள்.

எதையும் சேர்க்காமல் காப்பாற்றுவது

உரிமம் இல்லாதவர்களுக்கும், 45-ஆம் பிரிவின் விலக்குக்குள் தங்க விரும்புகிறவர்களுக்கும் இருப்பது இந்த வழி. முதலில் விலக்குக்குள் வருகிறது என்பதை நாமாகவே முடிவு செய்யக் கூடாது. துப்பாக்கியை ஒப்படைத்து, ஆட்சியருக்கு மனு எழுதி, ஆயுதம் தெரிந்தவர்களைக் கொண்டு ஆய்வு செய்யக் கேட்டு, பழுதுபார்த்தாலும் பயன்படாது என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் சுவரில் மாட்டாதீர்கள்.

தாள் கிடைத்துவிட்டால் மிச்சம் முழுக்கக் கைப்பக்குவம். நம் வீடுகளில் செய்யும் முதல் கெடுதல் தேய்ப்பது. குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளியும் செங்கல்பொடியும் போட்டுப் பித்தளைத் தகட்டைத் தேய்த்தால் பளபளக்கும், கூடவே படைப்பிரிவின் எண்ணும் ஆய்வாளர் முத்திரையும் தேய்ந்து போகும். இரண்டு அம்புமுனைகள் நேருக்கு நேர் பார்த்த மாதிரி ஒரு முத்திரை இருந்தால் அது பட்டாளத்திலிருந்து முறைப்படி விற்று வெளியேறிய துப்பாக்கி என்று பொருள். குடும்பத்தின் நல்ல பெயருக்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டுமா? அதன் மேல் உப்புத்தாள் படவே கூடாது. செந்துரு பொடியாக உதிர்ந்தால் மெல்லிய எண்ணெய் தடவி, மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள். கெட்டியாகப் படிந்த கரும்பழுப்பு நிறத்தை விட்டுவிடுங்கள், இரும்புக்கு அதுவே போர்வை.

கட்டை வெடிப்புக்கு ஊர் ஆசாரி போதும், அவரிடம் வச்சிரம் கேளுங்கள். தோலிலிருந்து காய்ச்சும் அந்தப் பழைய பசை வெந்நீரும் சூடும் பட்டால் இளகிவிடும். நாளை இன்னும் நன்றாகச் செய்யத் தெரிந்தவர் வந்தால் நம் வேலையைப் பிரித்துவிட்டுச் செய்யலாம். எபாக்சி போட்டுவிட்டால் அந்த வாய்ப்புப் போய்விடும். சிராய் போன இடத்தில் ஒட்டுப்போட மரம் தேவைப்பட்டால், அசல் கட்டை வால்நட் என்பதை நினைவில் வைத்து, நிறத்தில் ஒத்துப்போகும் பழைய மரச்சாமான் துண்டு ஒன்றைத் தேடுங்கள். தோதகத்தி (ஈட்டி மரம்) கனமும் கறுப்பும் அதிகம், ஒட்டு துருத்திக்கொண்டு தெரியும்.  உரிமத்தில் இருக்கும் துப்பாக்கி என்றால் இந்த மரவேலையும் உரிமம் பெற்றவர் வழியாகவே போகட்டும்.

கட்டைக்குத் தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் காயவே காயாது, நல்லெண்ணெய் பிசுபிசுத்துப் போகும். இரண்டும் தூசியை இழுத்துக்கொண்டு கறுத்துவிடும். பெயின்ட் கடையில் கிடைக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டுக் காய்ந்து இறுகும் சாதி. இரண்டு மூன்று சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, ஒரு வாரம் காயவிட்டு, மறுபடி தேய்த்தால் மரத்தின் வரி எழும்பி வரும். அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

காணாமல் போன பட்டையின் இடம் காலியாகவே இருக்கட்டும். அது எங்கே எப்படிப் போயிருக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை எழுதி, பழைய உரிமப் புத்தகத்தின் நகலோடும் ஆய்வுத் தாளோடும் சேர்த்து வையுங்கள்.

வீட்டில் வைத்துக்கொள்ள வசதியில்லை, பிள்ளைகள் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள் என்றால் அருங்காட்சியகத்தைக் கேட்கலாம். கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. 1791-இல் கிருஷ்ணகிரிக் கோட்டையை ஆங்கிலப் படை தாக்கித் தோற்றதும், 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் (இந்தப் பக்கத்தின் பழைய பெயர்) முழுவதும் கைமாறியதும் இந்த மண்ணின் கதை. அடுத்த நூற்றாண்டில் அதே அரசின் படையில் சேர்ந்து, துப்பாக்கியோடு ஊர் திரும்பிய நம் ஆட்களின் கதையும் அதன் தொடர்ச்சிதான். ஒப்படைக்கும்போது எந்தப் பாகமும் மாற்றாமல், தேய்க்காமல் கொடுங்கள். அருங்காட்சியகத்துக்கு முழுமையைவிட மூலம்தான் முக்கியம். அடித்தகடு இல்லாத அசலை அவர்கள் குறையாக நினைக்கமாட்டார்கள். கொடுக்கும் முன் காவல்துறை வழியாக உரிமக் கணக்கை முடித்துக்கொண்டு, யார் கொடுத்தது, எந்த ஊர், யார் வைத்திருந்தது என்ற விவரத்தைப் பொருள் பதிவேட்டில் எழுதச் சொல்லி, நகலைக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள்.